மெல்லக் குறையும் எடை

பசியை வெல்லுதலே மனித குலத்தின் முதற் கவலையாக இருந்த காலம் மிக நெடியது. பஞ்சங்களின் வரலாற்றை எழுதியோர் பலர்; மிகுதியின் வரலாற்றை எழுதியோர் சிலரே. உண்ட உணவு கொழுப்பாகத் தங்கி, நடையைத் தளர்த்தி, மூச்சைத் தடுத்து, இரத்தத்தில் சர்க்கரையைப் பெருக்கி, ஆயுளையே குறைக்கும் நிலையை ஒரு நோயென மருத்துவ உலகம் ஏற்றது அண்மைக் காலத்தில்தான். அந்நோய் உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் தீராதபோது, இரைப்பையையும் குடலையும் அறுத்து மாற்றியமைத்துத் தீர்க்க முனைந்தோரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வரலாற்றில் பலரும் பேசாத ஒரு பகுதி உண்டு. அறுவைக்குப் பின் சிக்கல் நேர்ந்து, எதிர்பார்த்த விரைவில் எடை குறையாமல், மெல்ல மெல்லக் குறையும் நோயாளிகளின் நிலையே அது. அவர்களைக் காண்போர், "இவ்வளவு துன்பப்பட்டும் பயன் இல்லையே" என்பர். நாளடைவில் அவர்களும் அவ்வாறே எண்ணி மனம் சோர்வர். விரைவாகக் குறைந்தால் வெற்றி, மெல்லக் குறைந்தால் தோல்வி என்னும் இந்த அளவுகோல் சரியானதா? எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அறுவை வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்பதைப் பார்ப்போம்.

கதை 1881ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரித் திங்கள் 29ஆம் நாள், வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்டிருந்த ஒரு பெண்மணியின் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குடலோடு இணைத்துத் தைத்தார். அதற்கு முன் அம்முயற்சியில் இறங்கிய மருத்துவர்களின் நோயாளிகள் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளி அறுவையிலிருந்து தேறி, வீடு திரும்பினார். சில மாதங்களுக்குப் பின் புற்றுநோய் அவரை வென்றுவிட்டது என்றாலும், இரைப்பையை அறுத்த பின்னும் மனிதர் உண்டு உயிர்வாழ முடியும் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

அதே 1881ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே ஒரு புதிய மூளை நோயைப் பற்றி எழுதினார். அவர் கண்ட நோயாளிகள் மூவர். அவர்களுள் ஒருத்தி, கந்தக அமிலத்தைக் குடித்துவிட்ட இளம்பெண். அமிலம் சுட்ட புண் ஆறியபோது இரைப்பையின் வாயில் தழும்பால் சுருங்கிவிட்டது. உண்டதெல்லாம் வாந்தியாயிற்று. சில வாரங்களில் அவளுடைய கண்கள் அசைவு குன்றின, நடை தள்ளாடியது, அறிவு குழம்பியது, பின்பு அவள் இறந்தாள். மற்ற இருவரும் அவ்வாறே மாண்டனர். காரணம் இன்னதென்று அன்று எவருக்கும் தெரியவில்லை. பில்ரோத்தின் வெற்றியும் வெர்னிக்கே கண்ட துயரமும் ஒரே ஆண்டில் தோன்றியவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இவை இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும்.

பில்ரோத்துக்குப் பின் இரைப்பை அறுவை பல நாடுகளில் பரவியது. இரைப்பைப் புண்ணுக்காகவும் அதனை வெட்டி நீக்கினர். அறுவை முடிந்து பிழைத்தவர்களிடம் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டனர்: அவர்களுள் பலர் மெலிந்தனர், இழந்த எடையைத் திரும்பப் பெற முடியாமல் தவித்தனர். அக்கால மருத்துவ ஏடுகளில் இம்மெலிவு ஒரு தீங்காகவே பேசப்பட்டது. பிற்காலத்தில் எது மருந்தாகக் கருதப்பட்டதோ, அதுவே முதலில் சிக்கலாக எண்ணப்பட்டது என்பது இவ்வரலாற்றின் முதல் விந்தை.

இனி அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திற்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944ஆம் ஆண்டு நவம்பரில், ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் அங்கே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போரில் கொல்ல மாட்டோம் என்று மனச்சான்றின் பேரில் படைக்குச் செல்ல மறுத்த இளைஞர் 36 பேர், தாமாக முன்வந்து பட்டினிக்கு உடன்பட்டனர். ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களை மீட்பது எவ்வாறு என்று அறிவதே ஆராய்ச்சியின் நோக்கம். ஆறு திங்கள் அவர்களுடைய உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். ஆனால் முதலில் விரைந்து இறங்கிய எடை, போகப்போக மெல்ல இறங்கியது. வெறுமனே படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. இதயம் மெல்லத் துடித்தது, உடல் குளிர்ந்தது, உணவைத் தவிர வேறு நினைவு அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. 1950ஆம் ஆண்டில் கீஸும் அவருடைய துணைவர்களும் இம்முடிவுகளை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்கிக்கொள்வது போல, உணவு குறைந்த உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பதே அவர்கள் காட்டிய உண்மை. எடை மெல்லக் குறைவதற்கு அடிப்படையான காரணம் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளுக்குப் பின் கிரெமன், லின்னர் முதலிய அறுவை மருத்துவர்கள் நாய்களின் சிறுகுடலை ஆராய்ந்தனர். சிறுகுடலின் மேற்பாதியை நீக்கினால் நாயின் எடை பெரிதும் மாறவில்லை. கீழ்ப்பாதியை நீக்கினால் கொழுப்பு உறிஞ்சப்படாமல் நாய் மெலிந்தது. 1954ஆம் ஆண்டில் அவர்கள் இதனை வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1952ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹென்ரிக்சன், எடையைக் குறைப்பதற்காகவே ஒரு பெண்ணின் சிறுகுடலில் ஒரு பகுதியை நீக்கியிருந்தார். வெட்டி எறிவதைவிட, குடலை எறியாமலே உணவின் பாதையைச் சுருக்கி இணைத்துவிடலாம் என்னும் எண்ணம் இவற்றிலிருந்து பிறந்தது.

இவ்வெண்ணத்தை முழுமையாகச் செயற்படுத்தியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவர்கள் பெய்னும் டெவிண்டும் ஆவர். 1963ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முறையில், சிறுகுடலின் தொடக்கப் பகுதி நேராகப் பெருங்குடலோடு இணைக்கப்பட்டது. எடை மளமளவெனக் குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், உடலின் உப்புச் சத்துக்கள் நிலைகுலைதலும் நோயாளிகளை வாட்டின. போதிய அளவு மெலிந்த பின் குடலைப் பழையபடி இணைத்துவிடலாம் என்று அவர்கள் திட்டமிட்டிருந்தனர். அவ்வாறு இணைத்தபோது, இழந்த எடை முழுவதும் திரும்ப வந்து சேர்ந்தது! எனவே 1969ஆம் ஆண்டில் முறையைத் திருத்தினர். சிறுகுடலின் தொடக்கத்தில் 14 அங்குலத்தையும் இறுதியில் 4 அங்குலத்தையும் மட்டும் உணவின் பாதையில் வைத்து இணைத்தனர். ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள சிறுகுடலில் வேலை செய்தது 18 அங்குலமே.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரவர் இந்த அறுவையைச் செய்துகொண்டனர். தராசு மட்டுமே நடுவராக இருந்திருந்தால், அது மருத்துவத்தின் பெருவெற்றிகளுள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஆண்டுகள் சென்றபோது வேறு கணக்குகள் வெளிவந்தன. சிறுநீரகத்தில் கற்கள் தோன்றின, மூட்டுகள் வீங்கின, வைட்டமின் குறைவால் மாலைக்கண் வந்தது, சிலருக்குக் கல்லீரல் பழுதுற்று உயிரே பிரிந்தது. உணவு செல்லாத குடற்பகுதியில் நுண்ணுயிர்கள் பெருகியது இக்கேடுகளுள் சிலவற்றுக்குக் காரணமாயிற்று. 1980ஆம் ஆண்டளவில் இந்த அறுவை கைவிடப்பட்டது. முன்பு செய்துகொண்டவர்களுள் பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடலைப் பழைய நிலைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. விரைவாகக் குறைந்த எடை உடல்நலத்தின் அடையாளமாகாது என்னும் பாடத்தை மருத்துவ உலகம் இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

இவ்வேளையில் நிதானமான ஒருவர் இவ்வரலாற்றில் நுழைகிறார். அவர் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன். மின்னசோட்டாவில் பயிற்சி பெற்றவர். இரைப்பைப் புண் அறுவையை நன்கு அறிந்தவர். இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கண்டிருந்த அவர், தீங்கெனக் கருதப்பட்ட அந்த மெலிவை நன்மையாக மாற்ற எண்ணினார். 1966ஆம் ஆண்டில் அவரும் சிக்காஷி இட்டோ என்னும் துணை மருத்துவரும் இரைப்பையின் மேற்பகுதியை ஒரு சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு நேராக இணைத்தனர். பெரும்பகுதி இரைப்பை உள்ளேயே இருந்தது; உணவு மட்டும் அதன் வழியே செல்லவில்லை. குடலின் நீளம் பெரும்பாலும் காக்கப்பட்டது. இவ்வறுவையில் எடை இறங்கிய வேகம் குடற்சுருக்க அறுவையைவிடக் குறைவு. ஆயினும் கல்லீரல் கெடவில்லை.

1977ஆம் ஆண்டில் கெண்டக்கியைச் சேர்ந்த கிரிஃபென், குடலை ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் இணைக்கும் முறையை இதனோடு சேர்த்தார். அவ்வடிவ இணைப்பு ஸ்விட்சர்லாந்து மருத்துவர் சேசர் ரூ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. அதனால் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறிவந்து புண்படுத்துவது தடுக்கப்பட்டது. மேசனோ இன்னும் எளிய முறையைத் தேடி, 1980ஆம் ஆண்டில் குடலைத் தொடாமல் இரைப்பையை நெடுக்காகத் தைத்து, வெளிவாயிலுக்கு ஒரு பட்டை கட்டும் முறையை வகுத்தார். அதிலும் ஒரு குறை காலப்போக்கில் தெரிந்தது. இறைச்சியும் காய்கறியும் அந்தக் குறுகிய வாயிலில் சிக்கி வாந்தியை உண்டாக்கியதால், நோயாளிகள் பலர் எளிதில் இறங்கும் இனிப்புப் பானங்களையும் பனிக்கூழையும் நாடினர். வயிறு சிறியதாயிருந்தும் எடை குறையாமல் நின்றது. அவர்களை நாவடக்கம் இல்லாதவர்கள் என்று பழித்தோர் உண்டு. உண்மையில், வலி தராத உணவை நாடுவது எந்த உயிர்க்கும் இயல்பு. அவர்களை அவ்வழியில் தள்ளியது அறுவையின் அமைப்பே.

மேசன் செய்த தொண்டுகளுள் நான் பெரிதாக மதிப்பது ஒன்று. அறுவை செய்துகொண்டவர்கள் ஆண்டுகள் பல சென்ற பின் எவ்வாறு இருக்கிறார்கள் என்பதைத் தொகுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதற்கெனப் பதிவேடும் அமைத்தார். மருத்துவமனையை விட்டு நோயாளி வெளியேறும் நாளோடு கணக்கை முடித்துவிடும் வழக்கத்தை அவர் மாற்றினார். அவர் நூறாண்டு நிறைந்து 2020ஆம் ஆண்டில் மறைந்தார்.

அதன் பின்னர் வந்த வளர்ச்சிகள் விரைவானவை. 1994ஆம் ஆண்டில் விட்குரோவ், கிளார்க் என்னும் கலிஃபோர்னிய மருத்துவர்கள், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே குழாய்க் கருவிகளைச் செலுத்தி மேசனின் அறுவையைச் செய்த செய்தியை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டை ஒட்டி மிஷெல் கான்யே முதலியோர், மிக அதிக எடையுள்ள நோயாளிகளுக்கு முழு அறுவையையும் ஒரே நாளில் செய்வது ஆபத்தாக இருப்பதைக் கண்டு, அதனை இரண்டு கட்டமாகப் பிரித்தனர். முதற்கட்டத்தில் இரைப்பையை ஒரு குழாய் போல ஒடுக்கினர். எடை ஓரளவு குறைந்த பின் குடலில் செய்ய வேண்டியதைச் செய்வது என்பது திட்டம். சிலருக்கு முதற்கட்டமே போதுமானதாயிற்று. அவ்வாறு, அவசரப்படாமல் காத்திருந்ததன் விளைவாகவே இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் இரைப்பைக் குழாய் அறுவை தோன்றியது.

இன்று இவ்வறுவைகள் எவ்வளவு பாதுகாப்பானவை? அமெரிக்காவில் 4,776 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். பெருஞ்சிக்கலுக்கு உள்ளானவர்கள் நூற்றுக்கு நால்வருக்குச் சற்று மேல். நூற்றில் நால்வர் என்பது சிறிய எண் என்று நமக்குத் தோன்றலாம். அந்த நால்வருள் ஒருவராக இருப்பவருக்கு அது சிறிய எண் அன்று.

அத்தகைய ஒருவரை நான் அறிவேன். அவர் என் தமக்கையார். 118 கிலோ எடையும் நீரிழிவும் உடையவராய் அறுவைக்குச் சென்றார். மூன்றாம் நாள் காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் வந்தன. தைத்த இடத்தில் கசிவு இருந்தது. மீண்டும் அறுவை, பின்னர் ஐந்து வாரம் குழாய் வழியே உணவு. வீடு திரும்பிய சில நாட்களில் இணைப்பு வாயில் சுருங்கி, தண்ணீரும் தங்காமல் வாந்தியாயிற்று. மீண்டும் மருத்துவமனையில் சேர்த்தபோது, குளுக்கோஸ் நீர் ஏற்றுவதற்கு முன்பே தயமின் என்னும் வைட்டமினை ஊசி வழியே செலுத்தினார்கள். பின்னர் வாயிலை மெல்ல விரித்தார்கள்.

அந்த ஊசியின் பொருளை அறிய, 1881ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். வெர்னிக்கே கண்ட இளம்பெண்ணுக்கு நேர்ந்தது தயமின் குறைவு. உடலில் அச்சத்தின் சேமிப்பு மிகச் சிறிது. இரண்டு மூன்று வாரம் உணவு தங்காமற்போனால் அது தீர்ந்துவிடும். இதனை மருத்துவம் அறிந்துகொண்டது அரிசியின் வழியாக. 1890களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசி தின்றவை நலமாக இருப்பதையும் கண்டார். தவிட்டில் இருந்த அச்சத்தே பிற்காலத்தில் தயமின் எனப் பெயர் பெற்றது. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. தயமின் இல்லாத உடலில் சர்க்கரையை மட்டும் ஏற்றினால் மூளைக்கு மேலும் கேடு விளையக்கூடும். ஆகவேதான் தயமினுக்கு முதலிடம். பில்ரோத் திறந்த வழியில் சென்ற என் தமக்கையாரை, வெர்னிக்கே விவரித்த முடிவிலிருந்து எய்க்மனின் கோழிகள் காத்தன என்று சொன்னால் மிகையாகாது.

ஆறு திங்கள் கழிந்தபோது அவர் எடை 14 கிலோவே குறைந்திருந்தது. அதே மருத்துவமனையில் அதே வாரத்தில் அறுவை செய்துகொண்ட வேறொரு பெண்மணி அதனினும் இருமடங்கு குறைந்திருந்தார். உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், "இத்தனை பாடுபட்டும் இவ்வளவுதானா, அக்கா?" என்று ஒருவர் கேட்டார். தமக்கையார் விடை சொல்லவில்லை. அதன் பின் பல மாதங்கள் அவர் எந்த விழாவுக்கும் வரவில்லை.

எடை ஏன் மெல்லக் குறைந்தது? காரணங்கள் பல. கசிவும் சீழும் உள்ள உடலில் அழற்சி மிகுதி. அப்போது உடல் நீரைத் தேக்கிக்கொள்கிறது. நரம்பு வழியே ஏற்றும் நீரும் எடையிற் சேர்கிறது. நெடுநாள் படுக்கையில் கிடப்பதால் தசை கரைகிறது. ஓய்விலும் ஆற்றலைச் செலவிடுவதில் தசைக்குப் பெரும்பங்கு உண்டு; தசை குறைந்தால் செலவு குறைகிறது. நடக்க வலுவில்லாமையால் உழைப்பும் குறைகிறது. வாயில் சுருங்கியவர்களுக்குக் கெட்டியான உணவு இறங்காமையால், கஞ்சியும் இனிப்புப் பானமுமே உணவாகின்றன. இன்னும் சிலருக்கு, பிரிக்கப்பட்ட சிறு பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே ஒரு துளை விழுந்து, உணவு பழைய வழியிலேயே செல்லத் தொடங்கிவிடுகிறது. இதனைச் சோதனையால் கண்டறிந்து திருத்த வேண்டும். ஆகவே, எடை குறையாதபோது மருத்துவரிடம் சென்று காரணத்தைத் தேடுவது இன்றியமையாதது. பழிப்பதால் காரணம் வெளிப்படாது.

இவற்றுக்கெல்லாம் அடியில், கீஸ் கண்ட அந்தச் சிக்கனமும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவருடைய குழுவினரும் லெப்டின் என்னும் ஹார்மோனின் மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசு இந்த ஹார்மோனின் வழியே தன் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது. கொழுப்புக் குறைந்தால் அறிவிப்பும் குறைகிறது. மூளை பசியைக் கூட்டுகிறது. 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் பசி ஹார்மோனைக் கண்டனர். உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களின் இரத்தத்தில் கிரெலின் மிகுவதையும், மேசனின் அறுவை செய்துகொண்டவர்களிடம் அது தாழ்ந்திருப்பதையும் 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கம்மிங்ஸ் முதலியோர் காட்டினர். பிற்கால ஆய்வுகளின் முடிவுகள் எல்லாம் ஒரே வகையாக அமையவில்லை. எனினும், எடை என்பது மன உறுதியால் மட்டும் ஆளப்படும் பொருளன்று என்னும் உண்மை இவற்றால் நிலைபெற்றது.

அவ்வாறாயின் அறுவையின் பயனை எதைக்கொண்டு அளப்பது? ஸ்வீடன் நாடு இதற்கொரு வழி காட்டியது. 1987ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆய்வில் 4,047 பேர் சேர்ந்தனர். அவர்களுள் அறுவை செய்துகொண்டவர்கள் 2,010 பேர். ஏனையோர் வழக்கமான சிகிச்சையே பெற்றனர். 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, எடை மிகவும் தாழ்ந்திருந்தது அறுவைக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில். அதன் பின் எல்லாக் குழுவினருக்கும் சற்றே ஏறி, பின்பு நிலைத்தது. பத்தாம் ஆண்டில் மேசனின் முதல் முறைப்படி அறுவை செய்துகொண்டவர்கள் தம் எடையில் சராசரியாக 25 விழுக்காடும், நெடுக்குத் தையல் முறையினர் 16 விழுக்காடும் குறைந்திருந்தனர். ஆய்வுக் காலத்தில் அறுவைக் குழுவில் 101 பேரும் மற்றக் குழுவில் 129 பேரும் இறந்தனர். 16 விழுக்காடு என்பது பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிய மாற்றமாகத் தோன்றாது. ஆயினும் அத்தகையோரையும் உள்ளடக்கிய அறுவைக் குழுவில் இறப்புக் குறைந்திருந்தது.

நீரிழிவைப் பற்றிய செய்தி இதனினும் வியப்பானது. வட கரோலினாவைச் சேர்ந்த போரிஸ் என்னும் அறுவை மருத்துவர், 1995ஆம் ஆண்டில் தம் நோயாளிகளின் நிலையை வெளியிட்டார். அறுவைக்குப் பின் சில நாட்களிலேயே, எடை கணிசமாக இறங்குவதற்கு முன்பே, பலருடைய இரத்தச் சர்க்கரை சீரடைந்திருந்தது. எடையிழப்பு வேறு, நோய் தணிதல் வேறு என்பது இதனால் விளங்குகிறது. ஒன்று மெல்ல நடக்கும்போதே மற்றொன்று விரைந்து நடக்கலாம்.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, மூன்றாண்டுக் காலத்தில் எடை இறங்கிய போக்கை ஆராய்ந்து, நோயாளிகளை ஐந்து வகையினராகப் பிரித்தது. ஒரே அறுவை, ஒரே வகையான மருத்துவமனைகள். எனினும் இறக்கம் ஐந்து வகை. மெல்லச் செல்பவர் அனைவரும் இறுதியில் விரைந்து சென்றவர் அடைந்த இடத்தையே அடைவர் என்று நான் சொல்ல மாட்டேன். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. சிலர் குறைவாகவே இழப்பர். ஆனால் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீர்படத் தொடங்கும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. அந்தச் சிறு இறக்கத்தைத் தோல்வி என்று பெயரிட்டு, மருந்தையும் வைட்டமினையும் மருத்துவர் தொடர்பையும் நோயாளி கைவிடுவாராயின், அங்கேதான் உண்மையான தோல்வி தொடங்குகிறது. இரும்பு, கால்சியம், பி12 ஆகிய சத்துக்களின் குறைவு ஓசையின்றி வருவது. அறுவை செய்துகொண்டவர் தம் வாழ்நாள் முழுவதும் அவற்றைக் கவனித்தாக வேண்டும்.

என் தமக்கையார் கைவிடவில்லை. நான்காம் திங்களிலேயே அவருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை என்பதை அவ்விழாவில் கேள்வி கேட்டவர் அறியார். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவருடைய எடை 87 கிலோவில் நின்றது. மெலிந்தவர் என்று அவரை எவரும் சொல்ல மாட்டார்கள். மாடியில் இருக்கும் தம் வகுப்பறைக்கு அவர் இப்போது இடையில் நில்லாமல் ஏறிச் சென்று பாடம் நடத்துகிறார்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள்; பலர் ஆகமாட்டீர்கள். ஆனால் உடல் பருத்த ஒருவரை வகுப்பிலும் தெருவிலும் வீட்டிலும் நீங்கள் எல்லோரும் சந்திப்பீர்கள். அவர் எந்த நோயோடு, எந்தத் தழும்போடு, எத்தனை வாரப் படுக்கையோடு போராடி வந்தவர் என்பது அவருடைய தோற்றத்தில் எழுதப்பட்டிருக்காது. 1963ஆம் ஆண்டின் அறுவை தராசை மட்டும் நம்பி நோயாளிகளுக்குக் கேடு செய்தது; மேசனின் பதிவேடும் ஸ்வீடன் ஆய்வும் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து உண்மையைக் கண்டன. அறிஞர்கள் அரை நூற்றாண்டில் கற்ற அந்தப் பொறுமையை நாம் நம் பேச்சிலும் கடைப்பிடிக்கலாம். அத்தகையவரைக் காணும்போது "எத்தனை கிலோ குறைந்தது?" என்று கேட்பதை விடுத்து, "உடல் நலமாக இருக்கிறதா?" என்று கேட்பது நமக்கு அரிய செயலன்று.